எதிர்ச்சுற்று

மஸ்கட்டிலிருந்து வந்த விமானம் சென்னையில் இறங்கியபோது பொழுது சரியாக விடிந்திருக்கவில்லை. அடுத்த விமானம் சிங்கப்பூருக்கு. அது ராத்திரிதான். நடுவில் ஒரு முழுப் பகல், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

மணிவேல் வேலை பார்த்த கம்பெனி, மஸ்கட் வேலை முடிந்ததும் தன் பைப் பிட்டர்களைக் கூட்டமாகச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அவர்களுடைய டிக்கெட்டில் சென்னை என்பது விமானம் மாறுகிற இடம், அவ்வளவுதான். வெளியே வந்ததும் போர்மேன் எல்லோரையும் ஒரு தூணோரம் நிறுத்திச் சொன்னார்.

"ஊரைச் சுத்திப் பாக்கணும்னா பாத்துக்குங்க. ராத்திரி எட்டு மணிக்கு கவுன்டர்ல ஆள் இருக்கணும். இல்லாதவனுக்காக நானும் நிக்க மாட்டேன், சிங்கப்பூரும் நிக்காது."

மணிவேல் பின்னங்கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் அவன் கை தானாக அங்கேதான் போகும்.

அவனோடு ஒரே அறையில் படுத்து எழுந்த பிரசாத், நெல்லூர்க்காரன், ஏற்கெனவே தலை சீவி செண்ட் அடித்துத் தயாராக நின்றான்.

"வா மணி. பீச்சு பாப்போம், மயிலாப்பூர் கோயிலு பாப்போம், அப்புறம் ஒரு பிரியாணி. என்னா சொல்றே?"

"நீ போயிட்டு வா. நான் வேற ஒரு ஊரப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேற ஊரா? எந்த ஊரு?"

"இருக்குது ஒண்ணு. மலையெல்லாம் இருக்கும்."

பிரசாத் அவன் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "போன் பண்ணிச் சொல்லிட்டியா வீட்டுக்கு?"

"இல்ல."

"பைத்தியக்காரா, சொன்னா அவங்களே பாதி வழி வந்து நிப்பாங்களே."

"சொல்லக் கூடாதுடா," என்றான் மணிவேல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

ஏன் சொல்லக் கூடாது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு ஒரே மகள், ஓவியா. போன கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அதற்கு முந்தைய தீபத்துக்கும் அதையேதான் சொல்லியிருந்தான். இரண்டு முறையும் கடைசி நேரத்தில் லீவு இல்லை என்றாகிவிட்டது. இரண்டாவது முறை குழந்தை புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்குப் போனில் அவள் அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி ஒன்று சொன்னாள்.

"அப்பா, இனிமே வரேன்னு சொல்லாத. வந்துட்டு சொல்லு."

அதற்குப் பிறகு அவள் போனுக்கு வரவில்லை. மனைவி சந்திரகலா வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சடை குறுக்கே போகும். அவ்வளவுதான். "ஓவியா, அப்பா பேசறாருடி" என்று இவள் கூப்பிட்டால், "எழுதறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இத்தனை மாதமாக மணிவேல் தன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, இப்போது இடுப்பைத் தொடுகிறது.

ஒரே ஒரு தரம் அவள் முன்னால் போய் நின்று, வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பகல்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கால் வைத்தபோதுதான் அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. திருவண்ணாமலை பேருந்துகள் நிற்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கூட்டம். வெறுங்காலோடு ஆட்கள். தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகப் பெண்கள். ஒரு பேருந்தின் முகப்பில் பௌர்ணமி சிறப்புப் பேருந்து என்று எழுதி ஒட்டியிருந்தது.

பௌர்ணமி.

திருவண்ணாமலையில் பிறந்தவன் தன் பிறந்த நாளை மறந்தாலும் பௌர்ணமியை மறக்க மாட்டான். அன்றைக்கு ஊருக்குள் வண்டி ஓடாது. லட்சக்கணக்கான சனம் மலையைச் சுற்றும். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதில் இருந்து காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது வரை எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்கள் பௌர்ணமிக்கு முன், பௌர்ணமிக்குப் பின் என்றுதான் வைத்துக்கொள்வார்கள். பாலைவனத்தில் பைப்புக்குக் கீழே படுத்துக் கிடந்தவனுக்கு நிலா வளர்ந்ததும் தெரியவில்லை, தேய்ந்ததும் தெரியவில்லை. வேலை நாள், சம்பள நாள், இரண்டே நாள்தான் அவனுக்கு.

நின்றுகொண்டேதான் போனான். பக்கத்தில் நின்ற சென்னைக்காரர் ஒருவர், "முதல் தடவையா மலை சுத்தறீங்களா?" என்று அன்பாக விசாரித்தார். ஆமாம் என்று தலையாட்டினான். அவர் உடனே மலைப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கத்தில் எதில் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மணிவேல் தன் ஊரைப் பற்றி அடுத்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொண்டே வந்தான்.

கீழ்பென்னாத்தூர் வந்தது. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். அங்கிருந்து உள்ளே போனால் அவன் பிறந்த கிராமம். மணிலாக்கொட்டை போட்ட செம்மண் நிலம், பள்ளிக்கூடத்துக்கு மூச்சிரைக்கப் பிடித்த வேன், எல்லாம் அந்தப் பக்கம்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே இறங்குவதற்கு அவனுக்குக் காரணம் இல்லை. ஐடிஐ படித்து, திருவண்ணாமலையில் வீடுவீடாகக் குழாய் மாட்டி, சந்திரகலாவைக் கட்டி, ஒற்றை அறை வாடகை வீட்டில் ஓவியாவைப் பெற்று, அவளுக்கு நாலு வயதானபோது அவன் கிளம்பினான். நடுவில் ஒரு முறை வந்து ஒரு மாதம் இருந்தான். அப்போதும் வாடகை வீடுதான்.

அதன் பிறகு அவன் அனுப்பிய பணத்தில், வேங்கிக்காலில் ஒரு வீடு எழும்பியது. அஸ்திவாரத்திலிருந்து கிரகப்பிரவேசம் வரை எல்லாவற்றையும் அவன் போனில்தான் பார்த்தான். கூடத்துத் தரைக்கு எந்த டைல்ஸ், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே திரும்பும், எல்லாம் அவன் சொன்னபடிதான். அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவனுக்குத் தெரியும்.

அதற்குப் போகிற வழி மட்டும் தெரியாது.

ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆவணி மாதத்து மேகம் மலையின் உச்சியை மூடியும் திறந்தும் காட்டிக்கொண்டிருந்தது. மணிவேல் ஒரு நிமிடம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஆட்டோக்கள் நின்ற பக்கம் ஓடினான்.

"வேங்கிக்கால் போவணும் பாய்."

ஆட்டோக்காரர் நூருல்லா, வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் மலை சுத்த வந்தா நீங்க கலெக்டர் ஆபீஸ் சுத்த வந்தீங்களா? இன்னிக்கு ஞாயித்துக்கிழம, மனு வாங்க மாட்டாங்க."

"மனு இல்ல பாய். வீட்டுக்குப் போறேன்."

"யாரு வீடு?"

"என் வீடுதான்."

"ஏறுங்க. எந்த நகரு, எந்தத் தெரு?"

மணிவேல் பின்னங்கழுத்தில் கையை வைத்தான். "கலெக்டர் ஆபீஸ் பின்னாடி புதுசா போட்ட மனை. தெருவுக்கு இன்னும் பேரு வெக்கல."

நூருல்லா வண்டியைக் கிளப்பாமல் திரும்பி உட்கார்ந்தார். "உங்க வீடுன்னு சொல்றீங்க. தெரு தெரியாதா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னான். வெளிநாடு, போனிலேயே கட்டிய வீடு, ராத்திரி விமானம், எட்டு மணிக்குள் திரும்ப வேண்டியது, எல்லாவற்றையும் சொன்னான். ஓவியா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

நூருல்லா திரும்பி மலைப் பக்கம் பார்த்தார். பிறகு, "கலெக்டர் ஆபீஸ் பின்னாடி புது மனை நூறு இருக்குது. எல்லா வீடும் ஒரே மாதிரி பெயிண்ட்டு," என்றார். "ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு மாடியில நின்னா மலை தெரியுமா?"

"தெரியும் பாய். வீட்டுல மாடியில நின்னுதான் பேசுவாங்க. பின்னாடி மலைதான் இருக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

மணிவேல் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் காட்சியை அவன் எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறான். "பெரிய உச்சி நடுவுல வராது. வலது கைப் பக்கமா ஒரு தோள் மாதிரி இறங்கும். அந்தத் தோளுக்கு நேர் கீழ ஒரு செல்போன் டவர். டவருக்கு இந்தாண்ட ரெண்டு பனைமரம்."

"அப்ப வுடுங்க. வீட்ட தேட வேணாம். மலையத் தேடுவோம்."

அப்படித்தான் தேடினார்கள். இந்த மலைக்கு ஒரு குணம் உண்டு. நாலு தெரு தள்ளி நின்றால் வேறு மலையாகிவிடும். நூருல்லா ஒவ்வொரு சந்திலும் வண்டியை மெதுவாக்கி, "இதுவா?" என்பார். மணிவேல் வெளியே தலையை நீட்டிப் பார்ப்பான். "இல்ல பாய், தோள் ஜாஸ்தியா தெரியுது." இன்னொரு சந்து. "இப்ப?" "கம்மியா இருக்குது. இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போங்க." பால் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், இரண்டு ஆண்கள் மலையைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஊர்வதைப் பார்த்து நின்றேவிட்டார்.

"டவருக்கு நேரா தோள் வந்துடுச்சு பாய். நிறுத்துங்க."

நிறுத்தினார். பனைமரம் இரண்டும் இருந்தன. மணிவேல் திரும்பினான். இளம்பச்சை நிறத்தில், அவன் சொன்ன மாதிரியே மாடிப்படி இடது பக்கம் திரும்பி, அவன் வீடு நின்றுகொண்டிருந்தது. போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆனால் அவனுடையது.

கேட் பூட்டியிருந்தது.

தட்டினான். மறுபடி தட்டினான். எதிர் வீட்டிலிருந்து கையில் முறத்தோடு ஒரு அம்மாள் வந்தாள்.

"யாருங்க நீங்க?"

"இந்த வீட்டுக்காரன்ங்க."

"இந்த வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காருங்களே," என்றாள் அவள். குரலில் சந்தேகம் இருந்தது. தன் வீட்டு வாசலில் நின்று, தான் யாரென்று நிரூபிக்க அவனிடம் பாஸ்போர்ட் தவிர ஒன்றும் இல்லை. நூருல்லாதான் முன்னால் வந்து, "அவருதாம்மா இவரு. ஏரோப்ளேன் மாறற நேரத்துல பொண்டாட்டி புள்ளயப் பாக்க ஓடி வந்திருக்காரு," என்றார்.

அந்த அம்மாளின் பெயர் சரசு. முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ தம்பி. ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா? அவங்க ரெண்டு பேரும் மலை சுத்தப் போயிட்டாங்களே. இப்பதான், ஒரு மணி நேரம் இருக்கும். சந்திரா ஒரு பௌர்ணமி வுடாது. கெழக்கு கோபுரத்துல சூடம் ஏத்திட்டு நடக்கும். சுத்தி முடிச்சு, கோயிலுக்குள்ள போயி, வூடு வர வெளக்கு வெக்கற நேரம் ஆயிடும்."

விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் அவன் செங்கல்பட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

அவனுடைய போனில் ஓமன் சிம்தான் இருந்தது. நூருல்லா தன் போனை நீட்டினார். சந்திரகலாவின் எண்ணை அவன் மனப்பாடமாக அழுத்தினான். மணி போனது. காதில் கேட்டது. கூடவே, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது. சுற்றுச்சுவருக்கு மேல் எக்கி, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவன் தேர்ந்தெடுத்த டைல்ஸ் தரை. சுவரோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் அவனுடைய கல்யாணப் போட்டோ. போட்டோவின் காலடியில் அந்தப் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது.

"மலை சுத்தும்போது போனு, செருப்பு ரெண்டும் தொடாது அந்தப் பொண்ணு," என்றாள் சரசு. "அந்த நேரம் சாமிக்குன்னு சொல்லும்."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வைத்த பக்கெட் நிறைந்து வழிந்தது. "ஆறு மாசமா ஒழுவுது. கூப்பிட்டா ஆளே வர மாட்டேங்கறான்," என்று சரசு ஏதோ பேச வேண்டுமே என்று சொன்னாள். மணிவேல் அந்தக் குழாயையே பார்த்தான். ஊரூராகப் போய் எண்ணெய்க் கம்பெனிக்குப் பைப்பு மாட்டினவன் வீட்டுக் குழாய். சரசுவிடம் ஒரு ஸ்பேனர் கேட்டான். சுற்றுச்சுவருக்கு மேல் கையை விட்டு, திருகைக் கழற்றி, பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கினான். சொட்டு நின்றது. அந்த வீட்டில் அவன் கை பட்ட முதல் வேலை அது.

பிறகு பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியும் பேரீச்சம்பழப் பொட்டலமும் எடுத்து சரசுவிடம் கொடுத்தான். பெட்டியில் நடந்தால் விளக்கெரியும் ஷூ. சரசு திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அழகா இருக்குது தம்பி. ஆனா பாப்பாவுக்கு இது போறாதே. கால் இம்மாம் பெருசு ஆயிடுச்சே." கைவிரலை விரித்துக் காட்டினாள்.

மணிவேல் அந்த விரல் இடைவெளியைப் பார்த்தான். அவ்வளவு வளர்ந்துவிட்டாளா.

"இருக்கட்டும்க்கா. குடுத்துடுங்க," என்றான். பிறகு நூருல்லாவிடம் திரும்பினான். "பாய், கிரிவலப் பாதைக்கு எங்க வரைக்கும் வண்டி வுடுவாங்க?"

"குபேர லிங்கத்துக்கு இந்தாண்ட தடுப்பு. அது கிட்டத்தட்ட கடைசிங்களே. உங்க வீட்டுக்காரம்மா அங்க வர இன்னும் நேரம் ஆவும். அங்க போயி என்னா பண்ணுவீங்க?"

"எதுத்தாப்புல நடப்பேன்."

நூருல்லா அவனைப் பார்த்தார். அவர் தொழுகைக்குப் போகிறவர்தான், ஆனால் பிறந்தது இந்த ஊரில். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும், எதிர்ச்சுற்று சுற்றக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். "திட்டுவாங்க," என்றார்.

"பின்னால துரத்திப் போனா முதுகுதான் தெரியும் பாய். எதுத்தாப்புல போனாதான் மூஞ்சி தெரியும்."

தடுப்பருகே இறங்கி, செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மணிவேல் அந்தப் பாதையில் தவறான பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

சனம் ஆறு மாதிரி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் இவனை நோக்கி. அவன் சாலையின் ஓரமாக, மலையைத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். தேடியது எட்டு வயதுச் சின்னப் பெண், கூட ஒரு மாநிற அம்மா. எத்தனை சின்னப் பெண்கள். எத்தனை அம்மாக்கள். நாமம் போட்டவர்கள், பட்டை போட்டவர்கள், ஜபமாலை உருட்டிய வெள்ளைக்காரி, தோளில் குழந்தையைத் தூக்கிய அப்பாக்கள். அந்த அப்பாக்களைப் பார்க்கும்போது மட்டும் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னாங்க, மலையையே மாத்தி சுத்தறீங்க?"

"வழி தப்பிட்டாரு போல. ஏங்க, இந்தப் பக்கம் திரும்புங்க."

"பாவத்த சேத்துக்கினு போறாரு, வுடு."

ஒரு பெண்பிள்ளைக் கூட்டம் சிரித்துக்கொண்டே அவனுக்கு வழி விட்டது. தூறல் விழ ஆரம்பித்தது. துண்டுகள் தலைக்கு ஏறின, முந்தானைகள் முகத்தை மறைத்தன. அவன் இன்னும் கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு முந்தானைக்குள்ளிருந்து சந்திரகலாவின் மூக்குத்தி மாதிரியே ஒன்று மின்னியது. "சந்திரா" என்று கூப்பிட்டேவிட்டான். யாரோ ஒரு பெண் திரும்பி முறைத்தாள். கூட வந்த ஆள், "இன்னாயா வேணும்?" என்றான். மணிவேல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

இத்தனை முகங்களுக்கு நடுவில், தன்னைத் தெரிந்த ஒரு முகம் இல்லை. இது அவன் ஊர். இந்தப் பாதையில் கல்யாணமான புதிதில் சந்திரகலாவோடு எத்தனை முறை சுற்றியிருக்கிறான். பாலைவனத்தில்கூட அவன் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே பிரசாத் இருந்தான்.

அடி அண்ணாமலையைத் தாண்டினான். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வருண லிங்கம் வந்தது. கோயிலுக்கு உள்ளே போகவும் வெளியே வரவுமாகக் கூட்டம் நெரிந்தது. அவன் சாலையில் வருகிற முகங்களைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே கோயிலைத் தாண்டினான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். "ஏம்பா, இவ்ளோ கூட்டம் வருது, நீ எதிர்ல வந்துகினு இருக்க. தள்ளி வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

"சார், என் பொண்ணத் தேடறேன் சார்."

"காணாமப் போயிடுச்சா? மைக்குல சொல்லணுமா?"

மணிவேல் விழித்தான். காணாமல் போனது யார் என்று சொல்வது? "இல்ல சார். அது அதும்பாட்டுக்கு அவங்கம்மா கூட நடக்குது. நான்தான்..."

"அப்ப இன்னா? எதிர்ல போவக் கூடாது. அதோ காஞ்சி ரோடு பிரியுது பாரு, அந்த வழியா வெளிய போ. ஷேர் ஆட்டோ நிக்குது." தோளில் கைவைத்துத் திருப்பிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. தினம் ஆயிரம் பேரைத் திருப்புகிற கை.

இப்போது கடிகாரத்தைப் பார்த்தான். இனி ஒரு பேருந்தைத் தவறவிட்டாலும் எட்டு மணிக்குக் கவுன்டர் இல்லை, சிங்கப்பூர் இல்லை, வீட்டுக் கடன் அடைக்க வழியும் இல்லை. மணிவேல் பின்னங்கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, காஞ்சி சாலையில் இறங்கினான். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சந்திரகலா எட்டு லிங்கத்துக்கும் உள்ளே போய்த் திருநீறு வாங்காமல் நடக்க மாட்டாள். அதை எப்படி மறந்தான்?

இறங்கி ஓட நேரம் இல்லை. கண் நிறைந்தது. பக்கத்தில் இருந்தவர் மழை நீர் என்று நினைத்துத் தன் துண்டை நீட்டினார்.

விமான நிலையத்தில் பிரசாத் ஒரு பொட்டலம் பிரியாணியோடு காத்திருந்தான். "சாப்டு. பீச்சு சூப்பரு மணி, போட்டோ பாக்குறியா? நீ உன் ஊரப் பாத்தியா?"

"பாத்தேன்."

பிரசாத் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்துவிட்டு, வைஃபைக்குச் சீட்டு வாங்கி வந்து அவன் போனில் போட்டுக் கொடுத்தான். அந்த நொடியே போன் அதிரத் தொடங்கியது. சந்திரகலா. எத்தனையோ முறை அழைத்திருந்தாள்.

எடுத்தான். "கொழா ஒழுவல," என்றாள். "கேட்டுக்கிட்ட வந்ததும் சொட்டற சத்தத்தக் காணோம். யாரு சரி பண்ணாங்கன்னு கேக்கறதுக்குள்ள சரசக்கா ஓடி வந்து சொல்லுது. ஏங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வாசல விட்டே நகர்ந்திருக்க மாட்டோமேங்க."

"சொல்லக் கூடாதுன்னு ஓவியா சொல்லிச்சே சந்திரா."

போன் கை மாறும் சத்தம். திரையில் சடை இல்லை. முகம். நெற்றியில் திருநீறு, மழையில் ஒட்டிய முடி, முன்பல் இரண்டும் புதிதாக முளைத்து, கன்னம் வற்றி, வேறு ஏதோ ஒரு சிறுமியின் முகம் போல. ஆனால் கண் அதே கண்.

"நீ வந்தியா?"

"வந்தேம்மா."

"நீலச் சட்டையா?"

மணிவேல் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். "ஆமா."

"வருண லிங்கத்துல திருநீறு வாங்கிட்டு வெளிய வந்தோம். ஒரு போலீஸ்காரு ஒருத்தர அந்தாண்ட போவச் சொன்னாரு. அவரு கழுத்துக்குப் பின்னாடி கைய வெச்சிக்கினு நின்னாரு. எனக்கு முதுகுதான் தெரிஞ்சிது." அவள் குரல் இப்போதுதான் நடுங்கியது. "அப்பா மாதிரி இருக்குதும்மான்னு சொன்னேன். அம்மாதான் நம்பல. ரோட்டுல போறவங்க எல்லாம் உனக்கு உங்கப்பா மாதிரிதான் இருக்கும்னு சொல்லிச்சு. தினம் நீ இப்பிடித்தான் சொல்றேன்னு சொல்லிச்சு."

மணிவேலுக்கு விமான நிலையமே மங்கலாகிவிட்டது. போனுக்கு வராத இத்தனை மாதமும், அந்தக் குழந்தை ரோட்டில் போகிற ஒவ்வொருவரிலும் அவனைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது. கவுன்டர் பக்கமிருந்து போர்மேன் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"வந்துட்டு சொல்லுன்னு சொன்னேன்ல. ஏன் சொல்லல?" என்றாள் ஓவியா.

"வந்துட்டுதாம்மா சொல்றேன்."

அவள் யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஷூ போட்டுப் பாத்தேன். கரெக்டா இருக்குப்பா. லைட்டு எரியுது."

பின்னாலிருந்து சந்திரகலாவின் குரல் கேட்டது. "பொய் சொல்லாதடி. குதிகால் உள்ள போவாம மிதிச்சிக்கினு நிக்கற."

"அம்மா சும்மா இரு," என்று ஓவியா போனைக் கையால் பொத்தினாள். பொத்திய விரல்களின் சிவப்பு மட்டும் திரையில் தெரிந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, போனைக் கீழே இறக்கி, கூடத்து டைல்ஸ் தரையில் நாலு எட்டு நடந்து காட்டினாள். ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் சின்ன விளக்கு எரிந்து அணைந்தது.

"மணிவேல்," என்று போர்மேன் கூப்பிட்டார். பிரசாத், "வந்துகிட்டு இருக்கான் சார்," என்று சொல்லி, அவன் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நடம்மா," என்றான் மணிவேல், வரிசையில் போய் நின்றுகொண்டே. "இன்னும் கொஞ்சம் நட. பாக்கறேன்."